வெள்ளன எழும்புறதில அப்பிடி என்ன சுகம்? கொழும்புக்காரருக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில ஆறாம் மாடி ஃப்ளாட்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார், ஒஃபிஸ் 8:30க்கு, ராத்திரி படுக்க ஒரு மணியாகுது, காலம 7 மணிக்கு எழும்பி முகத்தக் கழுவிட்டு ஓடுறது, வீட்டில மனுசி மட்டும் 4:30க்கே எழும்பிடுறா, விடியப்புறம் எழும்புற ஆக்களெல்லாம் அதப் பற்றி இவ்வளவு ஆசையாக் கதைக்கிறீங்களே, அப்பிடி என்னதான் சுகம் இருக்கு, உடம்புக்கு உண்மையாவே நல்லதா, பழகிறதெண்டா எப்பிடிப் பழகிறது எண்டு. நான் ஏ.எல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனான், இதே வெள்ளவத்தையில கனகாலமா இருக்கிறன், விடியப்புறம் எண்டா எனக்கு உயிர், அதால பதில் நீளும் தம்பி, ஆறுதலா வாசியுங்கோ.

வெள்ளன எழும்புறதெண்டா சுகத்துக்காக எழும்புங்கோ, வேற ஒண்டுக்காகவும் எழும்ப வேண்டாம். இப்ப எங்க பார்த்தாலும் 5 மணிக்கு எழும்பினா வாழ்க்கையில முன்னேறலாம், பெரிய கொம்பனி நடத்துற ஆக்களெல்லாம் 4 மணிக்கே எழும்பினம் எண்டு வீடியோ போடுறாங்கள், அதப் பார்த்திட்டுத் தொடங்கின பிள்ளையள நான் கனபேரப் பார்த்திட்டன், ரெண்டு கிழம, மூண்டு கிழம, அதோட விட்டிடுவினம். ஏனெண்டா அந்த நேரத்தையும் அவங்கள் இன்னொரு வேலை நேரமா ஆக்கிப் போட்டாங்கள், பிறகு எழும்ப ஆசை எங்க இருந்து வரும். விடியப்புறத்தின்ர பெரிய சொத்தே, அந்த நேரம் உங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம் எண்டதுதான். ஃபோன் அடிக்காது, மேலதிகாரியின்ர மெசேஜ் வராது, பள்ளிக்கூட வட்ஸ்அப் குரூப் நித்திரையா இருக்கும், காலி றோட்டில ஹோர்ன் சத்தம் இல்ல. ராத்திரி 12 மணிக்கும் அமைதிதானே எண்டு கேப்பீங்கள், ஓம் அமைதிதான், ஆனா அது நாள் முழுக்க அடிபட்டுக் களைச்ச மண்டையோட கிடைக்கிற அமைதி, அதில நாங்கள் செய்யிறது ஃபோனத் தட்டித் தட்டிப் பாக்கிறது மட்டும்தான். விடியப்புறம் கிடைக்கிறது நித்திர கொண்டு தெளிஞ்ச மண்டையோட கிடைக்கிற அமைதி. அந்த வித்தியாசத்த ஒருக்கா அனுபவிச்சவங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

முதல்ல சத்தத்தில இருந்து தொடங்குறன். சூரியன் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கேக்க யன்னலத் திறந்தா, கனநாள் முதல்ல கேக்கிறது குண்டுகரிச்சான், எங்கட சிங்களச் சனம் பொல்கிச்சா எண்டுவினம். கறுப்பும் வெள்ளையுமா, வாலத் தூக்கி வச்சுக்கொண்டு நிக்கும், மைனாவ விடச் சின்னன். அது இருட்டிலயே பாடத் தொடங்கிடும், ஒரே மெட்டத் திருப்பித் திருப்பிப் பாடாம மாத்தி மாத்திப் பாடும், இடையில நிப்பாட்டிட்டு அடுத்த லேனில இருந்து இன்னொண்டு பதில் சொல்லுதா எண்டு பார்த்திட்டுத் திரும்பத் தொடங்கும். இது என்ர இடம், உள்ள வராத எண்டு மற்ற ஆண் பறவையளுக்குச் சொல்லுறதுதான் அந்தப் பாட்டு. அந்த நேரம் காத்து பெரிசா அசையாது, வேற சத்தமும் இல்ல, அதால குரல் நல்லாத் தூரம் போகும், பூச்சி பிடிக்க வெளிச்சமும் காணாது, அப்ப பாடுறதுக்கு அதவிட நல்ல நேரம் இல்ல. பிறகு சுபஹ் பாங்கு, ஒரு பள்ளியில தொடங்க மற்றப் பள்ளியும் சேர்ந்து தெஹிவளைப் பக்கம் வரைக்கும் கேக்கும். பிறகு எங்கயோ விகாரையில பிரித், கோயில் மணி, முதல் கோச்சி. புதுவருசம் கிட்ட வரேக்க குயிலும் சேர்ந்திடும். காகம் எழும்பின பிறகு மற்ற ஒண்டும் கேக்காது, கொழும்புக் காகம் எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அதால இந்தக் கச்சேரிய முழுசாக் கேக்கிறதெண்டா காகத்துக்கு முந்தி எழும்பவேணும்.

ஃப்ளாட்டுக்குள்ளயும் சத்தம் இருக்கு. கீழ் வீட்டில தேங்காய் திருவுற சத்தம், எங்கயோ குக்கர் விசில், பைப் திறக்கிற சத்தம், கொஞ்ச நேரத்தில இடியப்பம் அவியிற மணம் படிக்கட்டு வழியா மேல வரும். இந்த நேரத்தில குடிக்கிற பிளேன்டீக்கு இருக்கிற ருசி பகல்ல எந்தக் கடையிலயும் கிடைக்காது. தண்ணி நல்லாக் கொதிக்கோணும், கொதிச்சு ஆறின தண்ணியத் திரும்பச் சூடாக்கக் கூடாது, இஞ்சி ஒரு சின்னத் துண்டத் தோலோட தட்டி கேத்திலுக்குள்ளயே போட்டிடுங்கோ, டஸ்ட் தேயில எண்டா ரெண்டு நிமிசம் காணும், பீஓபி எண்ட பெரிய தூள் எண்டா நாலு நிமிசம் மூடி வைக்கோணும். சீனி போடாதேங்கோ. பனங்கட்டி ஒரு துண்டக் கையில வச்சுக் கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ, முதல் கடியில தேத்தண்ணியின்ர கசப்புத் தெரியும், ரெண்டாம் கடியில இஞ்சி தொண்டையில பிடிக்கும். அதக் குடிச்சு முடிய ஒரு கால் மணித்தியாலம் எடுங்கோ. பகல்ல நாங்கள் தேத்தண்ணி குடிக்கேல்ல, மற்ற வேலையளுக்கு இடையில ஊத்திக்கொண்டு ஓடுறம்.

இப்ப ஒரு முக்கியமான விசயம், உங்களுக்கு ஆறாம் மாடி எண்டபடியா சொல்லுறன். கொழும்புல விடியல் பாக்கிறதெண்டா எல்லாரும் கடற்கரைக்குத்தான் ஓடுறது. கடல் எங்களுக்கு மேற்கில, சூரியன் அங்க மறையும், எழும்பாது. விடியல் பாக்கிறதெண்டா கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு கிழக்கப் பாக்கோணும், அதுக்கு மொட்டமாடிதான் இடம். மழை பெய்ஞ்சு கழுவின மாதிரி வானம் தெளிஞ்ச நாள்ல, டிசம்பர், ஜனவரி, பெப்ரவரிக் காலமயில, சூரியன் வர இருபது நிமிசம் இருக்கேக்க அடிவானம் செம்மஞ்சளா வரும், அந்த நிறத்துக்கு முன்னால கருநீலத்தில மலை வரிசை தெரியும், அதில ஒண்டு மட்டும் கூம்பா, தனிய, மற்றதுகள விட எழும்பி நிக்கும். சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரம், எங்களில இருந்து நேர்கோட்டில கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். கொழும்புல பிறந்து வளர்ந்த ஆக்களே கனபேருக்கு இங்க இருந்து அந்த மலை தெரியும் எண்டது தெரியாது, ஏனெண்டா சூரியன் மேல வந்த உடன அந்தக் கண்கூச்சத்திலயும் புகாரிலயும் அது கரைஞ்சு போயிடும், ஒன்பது மணிக்கு அதே இடத்தில நிண்டு பார்த்தா ஒண்டுமே இல்ல. அது தெரியிறதே அந்த அரை மணித்தியாலம்தான். மலைக்குப் போற சீசனுக்குள்ளதான் இந்த மாசங்களும் வரும், அது டிசம்பர்ப் பௌர்ணமிப் போயாவில தொடங்கி வெசாக் வரைக்கும், நீங்கள் இங்க மொட்டமாடியில நிக்கிற அதே நேரம் அங்க உச்சியில நூற்றுக்கணக்கான சனம் குளிரில நடுங்கிக்கொண்டு அதே சூரியனப் பாத்துக்கொண்டு நிக்குது. இந்துக்களுக்குச் சிவன்ர பாதம், பௌத்தருக்குப் புத்தர்ர பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின்ர பாதம், எல்லாருக்கும் உரிய மலை, அத வீட்டு மொட்டமாடியில இருந்து காண ஏலும் எண்டா எழும்பாம எப்பிடிப் படுத்திருக்கிறது சொல்லுங்கோ.

அதுக்காகக் கடல விட்டிடாதேங்கோ. விடியப்புறக் கடல் வேற கடல். தரை ராத்திரியில கடல விடச் சீக்கிரம் குளிரும், அதால காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும், பின்னேரத்தில அடிக்கிற காத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். நவம்பருக்குப் பிறகு மார்ச் மட்டும் வடகீழ்ப் பருவக் காத்தும் தரைப்பக்கத்தில இருந்து வாறபடியா மரைன் டிரைவ் பக்கம் அலை அடங்கி, தண்டவாளத்துக்கு அங்கால கல்லில தண்ணி தொடுற சத்தம்கூட மெல்லமாத்தான் கேக்கும். மே மாசத்துக்குப் பிறகு தென்மேல் பருவம் தொடங்கினா கதையே வேற, உப்புத் தண்ணி றோட்டுக்கு வந்து முகத்தில தெறிக்கும், அதுவும் எனக்குப் பிடிக்கும். தெஹிவளைப் பக்கம் நடந்தா ராத்திரி போன போட்டுகள் கரைக்கு வாறதப் பாக்கலாம், வலையில இருந்து மீனைக் கழட்டுற கையின்ர வேகத்தப் பாருங்கோ, கண்ணால பிடிக்க ஏலாது. காலிமுகத்திடலுக்குப் போறதெண்டாலும் 6 மணிக்கு முந்திப் போங்கோ. ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859ல அந்த நடபாதைய முடிச்சு, கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளையளுக்கும் எண்டு கல்லில எழுதிப் பின்னால வாற ஆளுநர்மாரிட்ட ஒப்படைச்சவர். பின்னேரத்தில அங்க இறால் வடையும் சனமும்தான், விடியக்காலம போனாத்தான் அந்த இடம் எவ்வளவு அகலம் எண்டு கண்ணுக்குத் தெரியும்.

வானத்தப் பற்றியும் சொல்லோணும். ஜனவரி நடுப்பகுதியில 5 மணிக்குத் தெற்குப் பக்கம், கல்கிசை இருக்கிற திசையப் பாருங்கோ, கொஞ்சம் தாழ்வா நாலு வெள்ளி, சின்னப் பட்டம் ஒண்டு நிமிர்ந்து நிக்கிற மாதிரி, இடப்பக்கம் இன்னும் ரெண்டு பிரகாசமான வெள்ளி. அந்த முதல் நாலும்தான் தென்சிலுவை எண்ட நட்சத்திரக் கூட்டம். லண்டனிலயும் டொரன்டோவிலயும் இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு அது ஒருநாளும் தெரியாது, அவ்வளவு வடக்கில அது அடிவானத்துக்கு மேல வராது. மாடிக் கட்டடங்களின்ர வெளிச்சத்திலயும் கொழும்புல அது தெரியும், முகில் இல்லாட்டிக் காணும். விடிவெள்ளி எண்டு நாங்கள் சொல்லுறது சுக்கிரன், அது எல்லா மாசமும் காலமயில வராது, சில மாசம் விடியப்புறக் கிழக்கில, பிறகு சில மாசம் பின்னேர மேற்கில, வாற நாள்ல அத விட்டு வேற ஒண்டையும் பாக்க மனம் வராது.

இந்த இடத்தில கொழும்புக்காரருக்குக் கிடைச்ச ஒரு கொடுப்பினையச் சொல்லவேணும். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, வடக்கு 7 பாகை போல, அதால வருசம் முழுக்கச் சூரியன் எழும்புற நேரம் அரை மணித்தியாலம்தான் வித்தியாசப்படும். மே மாசக் கடைசியில 5:50 தாண்ட வரும், ஜனவரிக் கடைசியில 6:25 தாண்டும், அவ்வளவுதான். லண்டன்ல டிசம்பர்ல 8 மணிக்குப் பிறகுதான் சூரியன், ஜூன்ல 4:45க்கே வந்திடும், அங்க இருக்கிற ஒருத்தர் வருசம் முழுக்க விடியலோட எழும்புறதெண்டா உடம்பு என்ன பாடுபடும் யோசியுங்கோ. எங்களுக்கு ஒரு நேரத்தப் பிடிச்சா அது பன்ரெண்டு மாசமும் பொருந்தும். எங்கட ஆக்கள் சொல்லுற பிரம்ம முகூர்த்தமும் சூரியனோடதான் நகரும், சூரிய உதயத்துக்கு 1 மணித்தியாலம் 36 நிமிசம் முந்தித் தொடங்கி 48 நிமிசம், அதாவது இங்க மே மாசத்தில 4:16 போல தொடங்கும், ஜனவரியில 4:50 போல.

உடம்பு சுவரில தொங்குற மணிக்கூட்டப் பாக்கிறேல்ல எண்டத நாட்டுக்கே காட்டின காலம் ஒண்டு இருந்தது, வயசு போன ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996 மே மாசம் கரண்ட் மிச்சம் பிடிக்க அரசாங்கம் நேரத்த ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, அந்த வருசம் ஒக்டோபர்ல அரை மணித்தியாலம் குறைச்சவை, பழைய நேரத்துக்கு முழுசா வந்தது 2006 ஏப்ரல்ல. அந்தப் பத்து வருசமும் ஜனவரி மாசத்தில சூரியன் வர 7 மணி ஆகப்போகும், பிள்ளையள் இருட்டில பள்ளிக்கூட வானுக்கு நிண்டுதுகள். புலிகளின்ர கட்டுப்பாட்டுப் பகுதியில பழைய நேரமே இருந்தபடியா, எங்கட ஆக்கள் எதுக்கெடுத்தாலும் பழைய நேரமோ புது நேரமோ எண்டு கேட்டுத்தான் கதைச்சது. சட்டம் மாத்தினது முள்ள மட்டும்தான், சேவல் பழைய நேரத்துக்குத்தான் கூவினது, உடம்பும் பழைய நேரத்துக்குத்தான் முழிச்சது.

இப்ப உயிரியல். எங்கட மூளையில, கண்ணில இருந்து வாற நரம்பு ரெண்டும் குறுக்க வெட்டுற இடத்துக்கு மேல, ஒரு சின்னக் கலக்கூட்டம் இருக்கு, அதுதான் உடம்பின்ர தலைமை மணிக்கூடு. ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் சில மரபணுக்கள் ஒரு புரதத்தச் செய்யும், அந்தப் புரதம் கூடினா அதே மரபணுவப் போய் நிப்பாட்டும், புரதம் அழிஞ்ச பிறகு திரும்பத் தொடங்கும், ஒரு சுத்து முடியக் கிட்டத்தட்ட ஒரு நாள். இதப் பழ ஈயில கண்டுபிடிச்ச ஹோல், ரோஸ்பாஷ், யங் எண்ட மூண்டு பேருக்கு 2017ல மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது. இதில உங்களுக்குத் தேவையான விசயம் என்னெண்டா, கனபேருக்கு இந்த மணிக்கூடு சரியா 24 மணித்தியாலத்தில ஓடாது, கொஞ்சம் கூட எடுக்கும். அதாவது சும்மா விட்டா உடம்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்திப் படுக்கத்தான் பாக்கும். அதாலதான் முழிச்சிருந்து பழகிறது லேசா இருக்கு, வெள்ளன எழும்பப் பழகிறது கஷ்டமா இருக்கு, அது உங்கட சோம்பல் இல்ல தம்பி. அத ஒவ்வொரு நாளும் முன்னுக்கு இழுத்து வைக்கிற கை காலம வெளிச்சம். கண்ணுக்குள்ள உருவம் பாக்காம வெளிச்சத்த மட்டும் அளக்கிற கலங்கள் இருக்கு, காலம வெளிச்சம் அதில பட்டா மணிக்கூடு முன்னுக்குப் போகும், ராத்திரி வெளிச்சம் பட்டாப் பின்னுக்குப் போகும். லக்ஸ் எண்டா வெளிச்சத்த அளக்கிற அலகு, வீட்டுக்குள்ள லைட் போட்டா ஒரு சில நூறு லக்ஸ்தான் வரும், முகில் மூடின நாள்லயும் வெளிய போனா ஆயிரக்கணக்கில இருக்கும், கண்ணுக்கு ரெண்டும் வெளிச்சம்தான், மூளைக்கு அப்பிடி இல்ல. அதால எழும்பின உடன வீட்டுக்குள்ளயே சுத்திக்கொண்டு இருக்காதேங்கோ, மொட்டமாடிக்குப் போங்கோ, கண்ணாடி யன்னலுக்கு உள்ள நிக்கிறதும் அவ்வளவு காணாது.

ஆனா ஒண்டக் கண்டிப்பாச் சொல்லுறன். நித்திரய வெட்டி விடியல வாங்காதேங்கோ. வளந்த ஆக்களுக்கு ஆகக் குறைஞ்சது 7 மணித்தியாலம் வேணும், 13ல இருந்து 18 வயசுப் பிள்ளையளுக்கு 8ல இருந்து 10. கனவு காணுற நித்திர கூடுதலா வாறது ராத்திரியின்ர கடைசிப் பகுதியிலதான், மனம் ஆறுறதுக்கும் படிச்சது பதியிறதுக்கும் அதில பங்கு இருக்கு, ஒரு மணிக்குப் படுத்து 4:30க்கு அலாரம் வச்சா நீங்கள் வெட்டி எறியிறது அதத்தான். நான் படிப்பிக்கிற பிள்ளையளின்ர தாய் தகப்பன்மார் சிலபேர் பிள்ளைய ராத்திரி 12 மட்டும் படிக்க விட்டு 4 மணிக்கு எழுப்பிறதப் பெருமையாச் சொல்லுவினம், எனக்குக் கேக்க நெஞ்சு எரியும். அந்த வயசில உடம்பு மணிக்கூடு இயல்பாவே பின்னுக்குப் போகும், அதுகள் பிந்தி நித்திர கொண்டு பிந்தி எழும்புறது அடங்காத்தனம் இல்ல. வளந்த ஆக்களிலயும் பிறப்பிலயே ராத்திரிப் போக்கான ஆக்கள் இருக்கினம், பரம்பரையா வாறது, அவங்கள் 6 மணிக்கு எழும்பினாலே அவங்களுக்கு அது விடியப்புறம்தான், 4:30 எண்டு அடம்பிடிக்கத் தேவையில்ல.

இப்ப உங்கட மனுசி. நீங்கள் போற போக்கில எழுதின அந்த ஒரு வரிதான் எனக்கு மனசில நிண்டது. அவ 4:30க்கு எழும்புறா, சரி, எழும்பி என்ன செய்யிறா? சோறு, கறி, பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பெட்டி, உங்களுக்கு லஞ்ச் பார்சல், 6 மணிக்கு வான் வரும். பள்ளிக்கூடம் 7:30க்குத் தொடங்குற நாட்டில தாய்மார் எல்லாரும் வெள்ளன எழும்புற ஆக்கள்தான், ஆனா அவங்களில எத்தின பேர் விடியலக் கண்டிருக்கினம்? குசினி யன்னல் பக்கத்துக் கட்டடத்தின்ர சுவரப் பாத்துக்கொண்டுதான் இருக்கும். நான் இவ்வளவு நேரமும் சொன்ன சுகம் ஒண்டும் அவவுக்குக் கிடைக்கேல்ல, நேரம் ஒண்டா இருந்தாலும். 2022ல நாங்கள் எல்லாரும் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் விடியப்புறம் எழும்பிப் போய்க் கியூவில நிண்டனாங்கள், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, அந்த விடியலும் விடியல்தான், ஒருத்தருக்கும் அதில சுகம் இருந்ததா ஞாபகம் இல்ல. கட்டாயத்துக்கு எழும்புறது வேற, விரும்பி எழும்புறது வேற. அதால நீங்கள் வெள்ளன எழும்பப் பழகினா முதல் செய்ய வேண்டியது, தேங்காயத் திருவிக் குடுங்கோ, மரக்கறிய வெட்டிக் குடுங்கோ, இல்லாட்டி ராத்திரியே ரெண்டு பேருமா வெட்டி வையுங்கோ, அவவுக்கு ஒரு அரை மணித்தியாலத்த விடுவிச்சுக் குடுங்கோ. பிறகு ரெண்டு பேரும் மொட்டமாடிக்குத் தேத்தண்ணியோட போங்கோ.

பழகிற விதம் பெரிய வித்தை இல்ல. முதல் படுக்கிற நேரத்தப் பிடிச்சு இழுக்காதேங்கோ, எழும்புற நேரத்தப் பிடியுங்கோ. 7 மணிக்கு எழும்புற ஆள் எண்டா 6:40, மூண்டு நாலு நாள் போக 6:20, அப்பிடியே குறைச்சுக்கொண்டு வாங்கோ, ஒவ்வொரு நாளும் எழும்பின உடன வெளிய வெளிச்சத்துக்குப் போங்கோ, ராத்திரி நித்திர தானா முன்னுக்கு வரும். கடைசித் தேத்தண்ணி பின்னேரம் 3 மணிக்கு முந்தி, ஏனெண்டா கஃபீன் பாதியாக் குறையவே அஞ்சு மணித்தியாலம் போல எடுக்கும், 7 மணிக்குக் குடிச்சா நடுச்சாமத்திலயும் பாதி உங்கட இரத்தத்தில நிக்கும். ராத்திரிச் சாப்பாட்டக் கொஞ்சம் முந்தி முடியுங்கோ, கொழும்புல இதுதான் கஷ்டம், வேலை முடிஞ்சு ட்ராஃபிக்ல வந்து சேரவே 7:30, பிறகு கொத்து, எனக்குத் தெரியும், ஆனாலும் ஏலுமான அளவு. ஃபோன படுக்கிற அறைக்கு வெளிய சார்ஜில போடுங்கோ, அலாரத்துக்குச் சின்ன மணிக்கூடு ஒண்டு புறக்கோட்டையில நடைபாதையில மலிவா வாங்கலாம். காலமயில முதல் ஒரு மணித்தியாலம் ஃபோனத் தொடாதேங்கோ, தொட்டா அந்த நேரம் உங்களிட்ட இருந்து போயிடும்.

எழும்பினவுடன என்ன செய்யிறது எண்டு கேப்பீங்கள். உங்களுக்கு எது ஆசையோ அது. பேப்பர் வாசிக்கலாம், சுதந்திர சதுக்கத்தில நடக்கலாம், முடிச்சிட்டு அங்கால இலைக்கஞ்சி விக்கிற ஆக்களிட்ட ஒரு கோப்பை வல்லாரைக் கஞ்சி கித்துள் சக்கரத் துண்டோட சூடாக் குடிக்கலாம், ஒரு கிழமைக்கு ஒருக்காவாவது வெள்ளவத்தை மார்க்கட்டுக்கு 6 மணிக்குப் போங்கோ, பேலியகொடையில ராத்திரி இறங்கின மரக்கறி அப்பத்தான் வந்து சேரும், கீரைக் கட்டில தண்ணி சொட்டும், கடைக்காரரும் ஆறுதலாக் கதைப்பார். மார்கழி வந்தா திருவெம்பாவைப் பூசை பத்து நாளும் கோயிலுக்குப் போங்கோ, யாழ்ப்பாணத்தில ஊர் முழுக்கச் சங்கும் சேமக்கலமுமா எழுப்புவினம், இங்க அந்தச் சத்தம் கோயில் வாசலுக்குப் போனாத்தான் கேக்கும், ஆனா அந்தக் குளிரில நெய்விளக்கு வெளிச்சத்தில தீபம் பாக்கிறதும், பிறகு கையில தாற சூடான கடலையும் இங்கயும் அதேதான்.

ரெண்டு கவனம் மட்டும். பிரஷர் உள்ள ஆக்கள், வயசு போன ஆக்கள் கண் முழிச்சவுடன துள்ளி எழும்பக் கூடாது, காலமயில இரத்த அழுத்தம் இயல்பாவே ஏறும், மாரடைப்பும் அந்த நேரத்திலதான் கூடுதலா வாறது, கட்டில்ல கொஞ்ச நேரம் இருந்து, தண்ணி குடிச்சு, மெல்ல எழும்பட்டும். மற்றது, இருட்டில தனிய லேன் வழிய நடக்காதேங்கோ, தெருநாயும் இருக்கு, வெளிச்சம் இல்லாத சந்தும் இருக்கு, முக்கியமாப் பெண்பிள்ளையள், வெளிச்சம் வரும் மட்டும் மொட்டமாடி, வந்த பிறகு றோட்.

ஞாயிற்றுக்கிழமைய என்ன செய்யிறது எண்டு அடுத்ததாக் கேப்பீங்கள். ஞாயிறும் அதே நேரத்துக்கு எழும்புங்கோ, ஒரு அரை மணித்தியாலம் முன்னப் பின்ன பரவாயில்ல, மத்தியானம் சாப்பிட்டிட்டு இருபது நிமிசம் சரிஞ்சு படுங்கோ, அதுக்கு மேல போனா ராத்திரி நித்திர கெடும். டிசம்பர் வரேக்க மொட்டமாடித் திறப்ப உங்கட ஃப்ளாட் மனேஜரிட்டக் கேட்டு வாங்கி வையுங்கோ, கனபேர் அதப் பூட்டித்தான் வச்சிருக்கிறது.